இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: படுக்கையா, பயிற்சியா?

ஊரில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ இடுப்பு வலியால் நடக்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று தெரிந்ததும், நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் அவர்களை ரயிலேற்றி இங்கே அழைத்து வருவதுதான். பணத்தைப் புரட்டி, லீவு போட்டு, நல்ல டாக்டராகப் பார்த்து ஆபரேஷனையும் முடித்து விடுகிறோம். அதற்குப் பிறகுதான் சங்கடம் தொடங்குகிறது. "பாவம், பட்ட கஷ்டம் போதும், அசையாமல் படுத்திருக்கட்டும்" என்று தண்ணீர் டம்ளரைக்கூடக் கட்டிலுக்கே கொண்டு போய்க் கொடுக்கிறோம். மாதுங்கா, செம்பூர், தாராவி என்று மும்பையில் நம்மவர் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிஸியோதெரபிஸ்ட் நான். ஆபரேஷனின் பலனைப் பாதியாகக் குறைப்பது பெரும்பாலும் இந்தப் பாசம்தான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுகிறேன். இடுப்பு என்றதும் நாம் குடம் வைக்கும் இடத்தைக் காட்டுவோம். டாக்டர் சொல்லும் இடுப்பு மூட்டு அதுவல்ல. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பு எலும்பிலுள்ள குழியில் பொருந்தும் இடம் அது. அதனால்தான் அந்த மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரிகிறது. பந்தை உலோகத்தாலும் குழியைப் பிளாஸ்டிக்காலும் மாற்றும் முறையை இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962-ல் வெற்றிகரமாகச் செய்து காட்டினார். பொருள்கள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன என்றாலும் அடிப்படை இன்றும் அதுதான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மாற்றியது மூட்டைத்தான். அதைச் சுற்றியுள்ள தசைகள் பழையவையே. வலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் நொண்டி நொண்டி நடந்ததில் அவை ஏற்கெனவே நலிந்து போயிருக்கும். போதாக்குறைக்கு ஆபரேஷனிலும் அவற்றை விலக்கியோ வெட்டித் தைத்தோ இருப்பார்கள்.

இவற்றில் முக்கியமானது, இடுப்பின் பக்கவாட்டில், பிட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் தசை. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்தக் கணத்தில் இடுப்பு மறுபக்கம் சாய்ந்து விடாமல் இழுத்துப் பிடிப்பது இந்தத் தசைதான். தராசின் ஒரு தட்டில் உடம்பின் பாரம், இன்னொன்றில் இந்தத் தசையின் இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தசையின் பக்கம் தராசுக்கோல் குட்டை. ஆகவே அது பாரத்தைவிட அதிகமாகவே இழுத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 கிலோவுக்குக் குறையாது. இந்தத் தசை தேறாவிட்டால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய மூட்டானாலும் நடை வாத்து நடைதான்.

அதனால்தான் இப்போதெல்லாம் ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்துகிறார்கள். "நேத்துதாம்மா அறுத்துத் தச்சிருக்காவ, இன்னைக்கே நடங்கியே?" என்று தாராவியில் ஒரு ஆச்சி என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. "தையல் பிரியாது ஆச்சி, எழுந்திருங்க" என்றேன்.

படுக்கையில் செய்யும் பயிற்சிகள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதவை போலத் தெரியும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. முழங்காலைக் கட்டிலோடு அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது. பிட்டத்தை அதேபோல் இறுக்கி விடுவது. குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து மெல்ல முழங்காலை மடக்குவது. காலைப் பக்கவாட்டில் நகர்த்தித் திரும்பக் கொண்டு வருவது. ஒவ்வொன்றும் 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. நிற்க வந்ததும், நம் ஃபிளாட்டுகளில் உள்ள சமையல் மேடையைவிட நல்ல கருவி கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, காலைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் தூக்க வேண்டும். உடம்பைச் சாய்த்துக் காலை உயரத் தூக்குவதில் பயனில்லை. நேராக நின்று அரை அடி தூக்கினால் போதும். வெட்டித் தைத்த தசையைப் பொறுத்து, பக்கவாட்டுப் பயிற்சியைச் சில டாக்டர்கள் தள்ளிப் போடச் சொல்வதுண்டு. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் கொஞ்சம் வலிப்பது சகஜம். மறுநாள் காலையிலும் வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தி விடாதீர்கள்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாற சில வாரங்கள் ஆகும். தடியை ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் பிடிப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அது தப்பு. எதிர்ப்பக்கத்துக் கையில் பிடித்தால்தான் நான் சொன்ன தசையின் சுமை குறையும். லிஃப்ட் இல்லாத கட்டிடங்களில் இருப்போர் இதையும் மனப்பாடம் செய்யட்டும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில்.

மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், முதல் 6 முதல் 12 வாரம் வரை சில விலக்குகள் சொல்வார்கள். தொடையை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் பந்து குழியை விட்டு நழுவலாம். முன்பக்கமாகச் செய்தவர்களுக்கு விலக்குகள் வேறு. நம் வீட்டில் இவற்றுக்கு என்ன அர்த்தம்? தாழ்ந்த சோஃபா கூடாது. கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி வேண்டும். கமோடின் மேல் உயர்த்தும் இருக்கை போட வேண்டும். கோலம் போடக் குனிவதும், காலில் விழுந்த பேரனைக் குனிந்து தூக்குவதும் வேண்டாம். பூஜைக்கும் நாற்காலிதான். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். பிற்பாடு சம்மணமிடலாமா, குந்தலாமா என்பதை ஆபரேஷன் செய்தவரே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறாரே என்று தொடங்காதீர்கள்.

நம்மவருக்கே உரிய கஷ்டம் ஒன்று உண்டு. பயிற்சி கொடுக்க வருபவருக்கு இந்தியோ மராத்தியோதான் தெரியும். பாட்டிக்குத் தமிழ் மட்டும். பிள்ளையும் மருமகளும் ஆபீஸில். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், ஒன்றும் புரிந்திருக்காது. நான்கு வார்த்தைகளைத் தமிழில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள்: உடாவோ என்றால் தூக்கு, மோடோ என்றால் மடக்கு, சீதா கரோ என்றால் நீட்டு. வலித்தால் "தர்த் ஹை" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு நாளாவது யாராவது ஒருவர் கூட இருங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, திடீரென்று கடும் வலியோடு கால் குட்டையாகத் தெரிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கண்டால் ஒரு நிமிஷமும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கே கிளம்ப வேண்டும்.

கொஞ்சம் நடக்க வந்ததும் எல்லோரும் கேட்பது, "ஊருக்கு எப்போது போகலாம்?" என்பதுதான். டாக்டர் சம்மதித்த பிறகு போகலாம். ஆனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும் பிரயாணம் என்பதை மறந்துவிடாதீர்கள். கீழ் பெர்த் தாழ்வாக இருக்கும். கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார வையுங்கள். மணிக்கொரு தரம் எழுந்து பெட்டிக்குள்ளேயே நாலு அடி நடக்கட்டும். வெஸ்டர்ன் கழிப்பறை எந்தக் கோடியில் இருக்கிறது என்று ஏறியதுமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வீட்டுக் கழிப்பறையில் கமோட் போட்டாயிற்றா என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாரித்து விடுவது நல்லது.