பால் பொங்கியது, பாக்கி வேலை இருந்தது!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொன்ன நம் பெரியவர்கள், கட்டிய வீட்டை முடித்துப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்! கடைக்கால் தோண்டும்போது இருக்கிற உற்சாகம் தளம் போடுகிறவரை குறையாது. அதற்குப் பிறகுதான் இருக்கிறது சங்கதி. பூச்சு, தரை, கதவு, குழாய், ஒயரிங், பெயிண்ட் என்று செலவு ஒவ்வொன்றாக வரும். கையிருப்பு மொத்தமாகப் போகும்.

எங்கள் வீடு திருச்சியை அடுத்த திருவெறும்பூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்று சென்ட் மனையில், 780 சதுர அடியில் கட்டியது. ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, வெளிப்பக்கமாக மாடிப்படி, அவ்வளவுதான். கான்ட்ராக்டரிடம் மொத்தமாக விட எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. என் கணவருக்குப் பட்டறையில் இரண்டாவது ஷிப்ட். காலை ஏழு மணிக்கே மனைக்குப் போய், மேஸ்திரியோடு நின்று செங்கல் எண்ணி, மணல் சலிப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே வேலைக்கு ஓடுவார். அதற்குப் பிறகு பொழுது சாய்கிறவரை என் காவல். இடுப்பில் ஒன்றரை வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் ஐந்து வயசுப் பெண்ணும் வந்து சேர்ந்துகொள்வாள்.

ஆனி மாதம் பூச்சு வேலை முடிந்தபோது மேஸ்திரி பாக்கி வேலைகளை எழுதிக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் 3,40,000 ரூபாய். எங்கள் கையில் இருந்தது 1,60,000. ஒரு பக்கம் வங்கித் தவணை, இன்னொரு பக்கம் குடியிருந்த வீட்டுக்கு 7,000 ரூபாய் வாடகை. ஆவணியை விட்டால் புரட்டாசியில் பால் காய்ச்ச மாட்டார்கள், ஐப்பசியில் அடைமழை. ஆக, முடியாத வீட்டில்தான் குடியேற வேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது. எந்த வேலையை முடிக்காமல் விடுவது என்பதுதான் கேள்வி.

"முன்பக்கத்துக்கு எலிவேஷன் டைல்ஸ் மட்டும் ஒட்டிடலாம். நாலு பேர் வர்றப்போ வீடு வீடா இருக்கணும் இல்ல?" என்றார் கணவர்.

"ஏங்க, நாலு பேர் மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. ராத்திரி படுக்கப்போறது நாமதானே?" என்றேன் நான்.

பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று. மூலையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார்தான் அதை முடித்து வைத்தார். "மொதல்ல மாடிப்படிக்குக் கைப்பிடி போடுங்கடா. இந்த முட்டி வலியோட எதைப் பிடிச்சு நான் ஏறுவேன்? வடாம் காயப்போட மாடிக்குப் போக வேணாமா?"

அன்று ராத்திரி ஒரு பழைய நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு கேள்வி எழுதினேன். இதை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் யாருக்காவது அடிபடுமா, உடம்புக்கு வருமா? பிறகு செய்வதென்றால் கட்டினதை உடைக்க வேண்டி வருமா? இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் அந்த வேலை இப்போதே. இரண்டுக்கும் "இல்லை" என்றால், அது எத்தனை அழகான வேலையாக இருந்தாலும் காத்திருக்கட்டும்! இப்படிப் பிரித்ததில் உடனே செய்ய வேண்டியது 1,52,000 ரூபாயில் அடங்கிவிட்டது. கணவரும் நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

தள்ளிப்போடக் கூடாதவை

முதலிடம் மாடிப்படிக் கைப்பிடிக்கும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கும். கைப்பிடிக் கம்பிகளைக் குறுக்காக வைக்காமல் நெடுக்காக வைக்கச் சொன்னேன். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணி! கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் குழந்தை தலையை நுழைத்துவிடும்.

அடுத்தது தரைக்குக் கீழே கட்டிய தண்ணீர்த் தொட்டி. பல வீடுகளில் அதன் மேல் ஒரு பலகையோ தகரமோ போட்டுவிட்டு, "மூடி அப்புறம் செய்துகொள்ளலாம்" என்று விட்டிருப்பார்கள். நடை பழகும் குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தம்கூட வராது. நாங்கள் தொட்டியின் விளிம்பைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, இரும்பு மூடி போட்டு, பூட்டும் போட்டோம். சாவி என் இடுப்பில். கழிவுநீர்த் தொட்டி மூடிக்கும் இதே கண்டிப்புதான்.

மூன்றாவது மின்சாரம். எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். அதோடு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. என்ற ஸ்விட்சும் வேண்டும். யாராவது மின்கம்பியைத் தொட்டு, உடம்பு வழியாக மின்சாரம் பூமிக்குப் பாய்ந்தால், கண் இமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும். அதில் "டெஸ்ட்" என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். அலங்கார விளக்கு பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

நாலாவது, குளியலறைத் தரையின் வாட்டம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குளியலறையில் தண்ணீரைக் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு வைத்தோம். சுவரில் ஈரம் ஏறவில்லை. ஒட்டிய பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூர மூலையில் கொட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் தேங்கி நின்றது. கொத்தனாருக்கு முகம் சுருங்கினாலும், அந்த நாலு டைல்ஸை அன்றைக்கே மாற்றிக் கொடுத்தார். தண்ணீர் தேங்கினால் பாசி. பாசி பிடித்தால் வழுக்கல். வழுக்கினால் பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு. டைல்ஸும் பளபளப்பில்லாமல் சொரசொரப்பாகத்தான் எடுத்தோம். மாமியாருக்காகக் கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்தோம்.

கடைசியாக, மொட்டை மாடித் தட்டோடு, ஜன்னல்களுக்குக் கொசுவலை, மழைநீர்க் குழாய். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் இல்லை. முற்றத்துக்குத் தளம் போட்ட பிறகு குழி தோண்டுவதென்றால் இரட்டைச் செலவு!

மேடை யாருக்கு?

சமையல் மேடை கட்ட வந்த அன்று கொத்தனார், "எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதாம்மா" என்றார். எல்லா வீட்டுப் பெண்களும் ஒரே உயரமா என்ன? நான் அஞ்சடி. செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்து, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி நின்று பார்த்தேன். முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோளும் வலிக்காது, முதுகும் வளையாது. எனக்கு 32 அங்குலம் சரியாக வந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு, கவனியுங்கள். வெறும் கான்கிரீட் தரையிலிருந்து அளந்தால், பிறகு கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறிவிடும். மேடை குள்ளமாகிப் போகும். தரை எந்த மட்டத்துக்கு வரும் என்று சுவரில் கோடு போடச் சொல்லி, அந்தக் கோட்டிலிருந்து அளவெடுங்கள்.

மேடைக்குக் கீழே மரக்கதவு, டிராயர் எல்லாம் காத்திருக்கும் பட்டியலுக்குப் போயின. கடப்பைக் கல் தட்டுகளும், பழைய புடவையில் நான் தைத்த திரையும் போதுமாக இருந்தன. கரப்பான் ஒளிய இடம் குறைவு, துடைக்கவும் சுலபம்.

குளிர்பான பாட்டில்

பால் காய்ச்சுவதற்கு மூன்று நாள் முன்பு நடந்தது இது. பெயிண்டர்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சின்னவன் சத்தமில்லாமல் இருந்தான். தாய்மார்களுக்குத் தெரியும், பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று! எட்டிப் பார்த்தால், மேடைக்குக் கீழே ஒரு குளிர்பான பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். பிடுங்கி முகர்ந்தேன். டர்ப்பன்டைன்! மூடி இறுக்கமாக இருந்ததால் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரமாயிற்று.

பிரஷ் கழுவ வைத்த மிச்சம் அது. யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. ஆனால் வேலை முடிகிற வீட்டில் இந்த ஆபத்து கட்டாயம் இருக்கும். டர்ப்பன்டைன், தின்னர், டைல்ஸ் கழுவும் ஆசிட் எல்லாம் தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும்தான் கைமாறுகின்றன. குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டர்ப்பன்டைனும் மண்ணெண்ணெயும் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை புண்ணாக்கும். உப்புத் தண்ணீர் போன்ற கை வைத்தியம் எதுவும் வேண்டாம். 108-க்குச் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடரைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும்.

பெயிண்ட் வாங்கும்போது டின்னில் ஈயத்தின் அளவு என்ன என்று பாருங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். வீட்டு பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி செய்தது. 2017 நவம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய டின்னைக் குழந்தையின் கட்டிலுக்கோ ஜன்னலுக்கோ அடிக்க வேண்டாம்.

தண்ணீரும் கொசுவும்

புதுக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் முடியாது. இப்போது பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்டில் போட்ட கான்கிரீட்டைப் பத்து நாளாவது ஈரமாக வைக்க வேண்டும். 14 நாள் வைத்தால் இன்னும் நல்லது. அதற்காகத் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்குகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை பாத்தித் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுசாக ஊற்றச் சொன்னேன். டிரம்மை வெறுமனே கவிழ்த்தால் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.

சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேறவும் காலம் வேண்டும். ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் பொருக்குப் பொருக்காக உரியும். பூஞ்சை பிடித்தால் குழந்தைகளுக்கு இழுப்பு வரும். எங்கள் சின்னவனுக்குச் சளித் தொந்தரவு உண்டு. ஆகவே உள்ளே ஒரே ஒரு கோட் வெள்ளை மட்டும் அடித்தோம். வாசனை அடங்குகிறவரை பகல் முழுக்க ஜன்னல்களைத் திறந்து போட்டோம். பீரோவையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டாமல் நாலு அங்குலம் தள்ளி வைத்தோம். வண்ணப் பூச்சு அடுத்த கோடைக்கு!

காத்திருந்த வேலைகள்

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். வந்தவர்களில் சிலர், "முன்பக்கம் இன்னும் முடியலையா?" என்று கேட்கத்தான் செய்தார்கள். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் அவர்களை மாடிப்படிக்கு அழைத்துப் போய்க் கைப்பிடியை ஆட்டிக் காட்டினார். அசையவில்லை! மாமியார் அதைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறி, கிழக்கே தெரியும் எறும்பீசுவரர் மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. வாடகை மிச்சமானதில் மாதா மாதம் 5,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தேன். பொங்கலுக்கு முன் அலமாரிக் கதவு, கோடையில் வண்ணம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. வாசலில் கேட் வருகிறவரை, குழந்தை தெருவுக்கு ஓடாமல் இருக்க மூங்கில் தட்டி கட்டியிருந்தோம். எலிவேஷன் டைல்ஸ் இன்றுவரை இல்லை. அந்தச் சிமெண்ட் சுவரில் இப்போது சங்குப்பூக் கொடி ஏறிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் வேலை முடிகிற தறுவாயா, சகோதரி? சாமான் ஏற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்தில் ஒவ்வொரு அறையாக நகர்ந்து பாருங்கள். ஆணி, டைல்ஸ் சில்லு, மூடாத பிளக், மூலையில் ஒரு பாட்டில் என்று, நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாத எத்தனையோ தெரியும். ஒரு கூடையில் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, அப்புறம் அடுப்பில் பாலை ஏற்றுங்கள்.