வைகையைக் காக்கும் கைகள்

வருசநாட்டு மலைகளில் தோன்றும் வைகை, மதுரையில் ஆண்டின் பல திங்கள்கள் மணலும் கழிவுநீருமாகவே நமக்குக் காட்சியளிக்கின்றது. ஆற்றின் வாழ்வு ஆற்றுக்குள் மட்டும் இல்லை. அதனோடு பிணைந்த கண்மாய்களிலும் வாய்க்கால்களிலும் இருக்கின்றது.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கோடையில் நீர் வற்றியதும் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாகக் கண்மாயில் இறங்குவர். வண்டல் வயலுக்கு உரமாகும், கரை உயரும், வரத்துக்கால் சீர்படும். இதுவே குடிமராமத்து. ஆங்கில அரசு 1858-இல் இதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. ஆயினும் ஊர் ஒற்றுமை குன்றிய இடத்தில் சட்டத்தால் அம்மரபைக் காக்க இயலவில்லை. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் அப்பணியை மீண்டும் தொடங்கியது.

செல்லூர்க் கண்மாயின் மிகைநீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகையைச் சேர வேண்டும். 2024 அக்டோபர்ப் பெருமழையில் அந்நீர் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. வாய்க்காலைத் தூர்வாருதல் அரசின் கடமை. அதில் பிளாஸ்டிக் பையை எறியாதிருத்தல் நம் கடமை அன்றோ?

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிறு மாலை, குடும்பத்தோடு நம் ஊர் வாய்க்கால் கரைக்குச் செல்வோம். பெரியோர் குப்பையை அகற்றட்டும். இளைஞர் கரையில் பனைவிதை ஊன்றட்டும். சிறுவர், நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றது எனக் கேட்டறியட்டும். அறிந்த பிள்ளை அதில் குப்பை எறியாது.