முட்டி வலிக்கும் டீக்கும் என்ன சம்பந்தம்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மூட்டுவலி என்று வருபவர்களில் பலர், நிலைமை முற்றிய பிறகுதான் வருகிறார்கள். குனிந்து செருப்பு மாட்ட முடியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். பையில் மெடிக்கல் ஷாப் வலி மாத்திரை அட்டைகள். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டால், "முட்டி வலிக்கும் டீக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்கிறார்கள். சம்பந்தம், எலும்பில் தங்கும் ஃப்ளோரைடு.

மண்ணிலிருந்து இலைக்கு

தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பில் மண்ணின் அலுமினியம் கரைந்து ஃப்ளோரைடுடன் சேர்கிறது. வேர் இரண்டையும் உறிஞ்சி இலைக்கு அனுப்பிவிடும். செடிக்கு ஒன்றும் ஆவதில்லை. இலை முற்ற முற்ற ஃப்ளோரைடு ஏறிக்கொண்டே போகும்; கொழுந்தில் இருப்பதைப்போல் பல மடங்கு முற்றிய இலையில் உண்டு. அதை அரைத்துச் சேர்த்த மலிவுத் தூளிலும் கூடுதல்தான்.

திபெத்திலும் உள் மங்கோலியாவிலும் முற்றிய இலையையும் குச்சியையும் கட்டியாக அழுத்திய தேயிலையைக் காலங்காலமாகக் குடித்தவர்களுக்கு எலும்பே பாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 47 வயதுப் பெண் ஒருவர் தினமும் 100 முதல் 150 டீ பைகளை ஊறவைத்து 17 ஆண்டுகள் குடித்து, எலும்பில் ஃப்ளோரைடு படியும் ஃப்ளோரோசிஸுக்கு ஆளானது 2013இல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று டீ குடிப்பவர் பயப்பட வேண்டாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு பாறையிலிருந்து கரைந்து சேர்ந்த போர் தண்ணீரில், கடுந்தேநீராக நாளெல்லாம் குடிப்பவருக்குப் பாறையும் இலையும் சேர்ந்தே கொடுக்கின்றன. இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. "போர் தண்ணியிலதான் டீ ருசி" என்று இன்னமும் சொல்கிறார்களே!

சொன்னால் கேட்பதில்லை

கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடும் என்பது தவறு. கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். பாலின் கால்சியம் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவே. கிரீன் டீ குடிக்கிறேன் என்பவருக்கு: அதுவும் அதே செடி, அதே மண்.

"இலையில் இரும்பு, மாங்கனீசு எல்லாம் இருக்காமே?" மாங்கனீசு தாராளமாகவே உண்டு. ஆனால் டீயின் துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. ரத்தசோகைக்குத் தந்த மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு, "மாத்திரை கேட்கலை" என்று வரும் பெண்களிடம் என்ன சொல்வது?

ஃப்ளோரைடால் பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகளுக்குக் கரி, செங்கல்பொடி போட்டுத் தேய்க்கிறார்கள். பல் உருவாகும்போதே உள்ளே படிந்த கறை அது. தேய்த்தால் பல்தான் தேயும்.

வலி மாத்திரை என்னும் இரண்டாவது அடி

உடம்பில் சேரும் ஃப்ளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகம். மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரை அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கிறது. வெளியே போக வேண்டியது எலும்பில் தங்குகிறது, வலி கூடுகிறது, இன்னொரு மாத்திரை. இதை எத்தனை முறை சொல்லியாயிற்று!

இந்தப் பாதிப்பைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே, சிறுநீர், தண்ணீர்ப் பரிசோதனை போதும்.

எலும்பில் ஏறிய ஃப்ளோரைடை இறக்க மருந்து கிடையாது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: குடிக்கவும் சமைக்கவும் டீ போடவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடியுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டீ வேண்டாம், பால் கொடுங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காலையில் முதுகு விறைக்க ஆரம்பித்த அந்த மாதமே வாருங்கள், அம்மா. மடங்காமல் போன பிறகு வராதீர்கள்.