வெயில் எல்லாருக்கும், மாடி சிலருக்கு

ஆம்பூரில் காலை வேளையில் ஷூ கம்பெனி வேன்களும் பஸ்களும் சுற்றுக் கிராமத்துப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கும். வெளியே போக முடியாதவர்களுக்கு வேலை வீடு தேடி வரும். கட்டுக் கட்டாக வரும் ‘அப்பர்’களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்க வேண்டும், கூலி ஜோடிக் கணக்கில். பொழுது சாய்ந்தால் பல்பைப் போட்டாக வேண்டும். தலைக்கு மேலே சிமென்ட் ஷீட். அதற்கு மேலே நாளெல்லாம் காய்ந்த வெயில்.

இத்தனை வெயில் உள்ள ஊரில் சோலார் யார் வீட்டில் ஏறுகிறது?

வீட்டுக் கூரையில் சோலார் போட மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். மதிப்பீடு 75,021 கோடி ரூபாய். மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். யாரையும் ஒதுக்காத திட்டம்போலத்தான் தெரிகிறது. ஆனால் விண்ணப்பிக்கச் சொந்தக் கூரை வேண்டும், மின் இணைப்பு வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கே நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். பேனல் மாட்டி, சரிபார்த்த பிறகுதான் மானியம் வங்கிக்கு வரும்.

லைன் வீட்டுக் குடித்தனக்காரருக்கு முதல் படியிலேயே கதவு சாத்தப்படுகிறது. சொந்த வீடு என்றாலும், ஈபி கார்டில் இன்னும் தாத்தா பெயர்; மாடியில் மூன்று சித்தப்பாக்களுக்குப் பங்கு. கடன் வாங்கலாம் என்றால், ஜோடிக் கணக்கில் கூலி வாங்குபவரிடம் சம்பளச் சீட்டு ஏது?

இன்னொரு முடிச்சும் உண்டு. தமிழகத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஓடும் வீட்டுக்கு பில்லே பெரிதாக வராது. சோலார் போட்டு மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? ஏசி ஓடும் வீட்டுக்குத்தான் லாபம். ஆக, மானியம் பில் பெருத்த வீட்டைத் தேடிப் போகிறது. ஒரே இணைப்பில் பல குடித்தனம் என்றால் அந்த இலவச யூனிட்டும் குடித்தனக்காரர்வரை இறங்காது. சப் மீட்டர் பார்த்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை.

இதே தமிழகம் 2011-ல் வேறு வழியில் போனது. முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில், ஏழைகளுக்கு 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சூரிய விளக்குகளும் சேர்ந்தே வந்தன. கூரையைக் கேட்காமல், கூரையோடு கொடுத்தார்கள்.

வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஓரிடத்தில் பேனல் வைத்து, அதில் விளையும் யூனிட்டைப் பல வீட்டு பில்களில் கழிக்கும் முறைக்கு டெல்லி 2019-லேயே விதி வகுத்தது. ஆம்பூரில் பள்ளிக்கூடத்து மாடிகள் இருக்கின்றன. ஷூ கம்பெனிகளின் கூரைகளோ ஏக்கர் கணக்கில். அங்கே விளையும் மின்சாரத்தில் ஒரு பங்கு, உள்ளே தைப்பவர் வீட்டு பில்லில் கழிந்தால் போதும். அதற்கு அவர் பெயரில் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். குடித்தனக்காரருக்குத் தனி இணைப்பு: சோலாருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அதுதான்.