விமானம் எழும்போது விமானி காணும் கோடுகள்

சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்த பழைய மாணவர் ஒருவர் இன்று விமானியாய் இருக்கின்றார். "தம்பி, விமானம் நிலத்தைவிட்டு எழும்போது அதன் மூக்கை எவ்வளவு உயர்த்தவேண்டும் என்பதை எவ்வாறு அறிவீர்?" என்று வினவினேன். "ஐயா, ஒரு கருவி கோடு போட்டுக் காட்டும், ஆனால் எழும் அந்தக் கணத்தில் நாங்கள் அக்கோட்டைப் பின்பற்றுவதில்லை" என்றார். அம்மறுமொழி என்னை வியப்பில் ஆழ்த்தியது. அவர் விளக்கியவற்றோடு பின்னர் யான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதலானேன்.

அக்கருவிக்குப் பிளைற் டிறெக்டர் என்று பெயர். பறப்பு நெறிகாட்டி எனலாம். விமானியின் முன்னுள்ள திரையில் வானம் நீலமாகவும் நிலம் கபிலமாகவும் காட்டப்படும். நடுவே விமானத்தைக் குறிக்கும் சிறு குறியொன்று நிற்கும். நெறிகாட்டி அத்திரையில் கிடையாக ஒரு கோடும் நிலைக்குத்தாக ஒரு கோடும் இடுகின்றது. கிடைக்கோடு மேலேறினால் மூக்கை உயர்த்துக என்பது பொருள். மற்றைக்கோடு வலப்புறம் நகர்ந்தால் வலப்புறம் சாய்க என்பது பொருள். இரண்டும் குறியின் நடுவில் வந்து பொருந்தினால் விமானம் ஏவியபடி நடக்கின்றது என்க.

இதனைத் தன்னியக்கியென மயங்குதல் கூடாது. ஏடு தொடக்கும் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பது தன்னியக்கி. நெறிகாட்டியோ அருகிலிருந்து வழி சொல்லுமேயன்றி விரலைத் தொடாது.

இனி, எழுதலைப் பார்ப்போம். போயிங் 737 விமானத்தில், புறப்படும் வேளை விசைநெம்புகோலிலுள்ள பொத்தானை அழுத்தியதும் நெறிகாட்டி முதலில் மூக்கை 10 பாகை தாழ்த்துமாறு காட்டும். வேகம் மணிக்கு 60 கடல்மைலை எட்டியதும் 15 பாகை உயர்த்துமாறு காட்டும். சக்கரங்களோ இன்னும் தரையில் உருண்டுகொண்டிருக்கின்றன! அப்பொழுதே அக்கோட்டின்படி நடப்பவர் விமானியாகார். குறித்த எழுவேகம் வந்தபின்னரே, செக்கனுக்கு இரண்டு மூன்று பாகை வீதம், கையின் உணர்வினாலும் கண்ணின் அளவினாலும் மூக்கை மெல்ல உயர்த்துவர். விரைந்து உயர்த்தினால் வால் தரையில் மோதும். தாமதித்தால் ஓடுபாதை வீணே கழியும். சக்கரம் நிலத்தைவிட்ட பின்னரே கோடுகளைப் பின்பற்றுவர்.

அதன்பின் நெறிகாட்டி நாடுவது வேகம் ஒன்றையே. உந்துவிசை ஓரளவில் நிற்க, மூக்கை உயர்த்தினால் வேகம் குறையும், தாழ்த்தினால் கூடும். வீ-2 என்பது, ஓர் எஞ்சின் நின்றாலும் பாதுகாப்பாக ஏறுதற்குரிய வேகம். எஞ்சின்கள் யாவும் இயங்குங்கால், 737 விமானத்தில் வீ-2க்கு மேல் 20 கடல்மைலும், எயர்பஸ் ஏ320 விமானத்தில் 10 கடல்மைலும் கூடிய வேகம் நிலைக்குமாறு கோடு அசையும். எஞ்சின் ஒன்று நின்றுவிடின், வேகம் வீ-2க்குக் கீழே வீழாதபடி மூக்கைத் தாழ்த்துமாறு காட்டும். நிலம் அருகிலிருக்க, மனித மனம் மேலே இழுக்கவே துடிக்கும். கோடு அத்துடிப்பைத் தடுக்கின்றது. கருவியின் பெரும்பயன் இவ்விடத்திலேதான் என்பது என் கருத்து.

ஆயினும் கருவி, தனக்குக் கொடுத்த வீ-2 சரியோ பிழையோ என்று கேட்பதில்லை. 2009 மார்ச் 20ஆம் நாள் இரவு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணிலிருந்து டுபாய் நோக்கிப் புறப்பட்ட எமிரேற்ஸ் ஏ340-500 விமானத்தின் நிறை 362.9 தொன். கணக்கிடும் மடிக்கணினியில் அது 262.9 என்று பதியப்பட்டது. ஓர் இலக்கம் மாறவே நூறு தொன் மறைந்தது! அக்கணக்கினால் உந்துவிசையும் வேகங்களும் குறைவாகவே பெறப்பட்டன. மூக்கை உயர்த்தியபோது வால் ஓடுபாதையில் உரசிற்று, விமானம் எழவில்லை. தலைமை விமானி முழு உந்துவிசையையும் செலுத்த, ஓடுபாதையின் முடிவைக் கடந்து, அப்பாலிருந்த விளக்கையும் அலைக்கம்பத் தொகுதியையும் மோதிக்கொண்டு அது மேலெழுந்தது. மீண்டும் மெல்பேர்ணில் இறங்கியபோது உள்ளிருந்த 275 பேரும் உயிரோடிருந்தனர். நிறையை இருவர் தனித்தனியே கணித்து ஒப்பிடும் வழக்கத்தின் அருமை இங்கு விளங்கும்.

விடைபெறுமுன் என் மாணவர் மற்றொன்று கூறினார். பயிற்சிக்கூடத்துப் போலி விமானத்தில், ஆசிரியர் சிலவேளை அக்கோடுகளை அணைத்துவிட்டு எழச் சொல்வாராம்.

"நீர் எழுப்பினீரா?" என்றேன்.

"எழுப்பினேன் ஐயா. பதினைந்து பாகை என்பது மனத்தில் இருந்தது. ஆனால் முதல்நாள் கை நடுங்கிவிட்டது" என்றார்.