திருத்திக் கற்கும் சிறுமூளை

மாணவர்களே! அறிவியல் வகுப்பில் 'செரிபெல்லம்' என்னும் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் அதனைச் சிறுமூளை என்கிறோம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கும் சிறிய மூளை என்பதே பொருள். நடக்கும்போது விழாமல் இருப்பதற்கும், பந்தை உரிய நேரத்தில் பிடிப்பதற்கும், எழுத்துகளை வரிபிறழாமல் எழுதுவதற்கும் இவ்வுறுப்பின் துணை வேண்டும். அதன் வெளியமைப்பையும் உள்ளமைப்பையும், அது நமக்குத் திறமைகளைப் பழக்கும் முறையையும் இப்பாடத்தில் அறிவோம்.

இருக்கும் இடம்

உங்கள் கையைப் பின்னந்தலையில், கழுத்து தொடங்கும் இடத்திற்குச் சற்று மேலே வைத்துப் பாருங்கள். அவ்வெலும்பின் உட்புறத்தில், பெருமூளைக்குக் கீழே, மூளைத்தண்டுக்குப் பின்னால் சிறுமூளை அமைந்துள்ளது. வளர்ந்த மனிதரின் சிறுமூளை ஏறத்தாழ 150 கிராம் எடை உடையது. இது மூளையின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும்.

எடையில் சிறியதாயினும் எண்ணிக்கையில் அது பெரியது. நியூரான் என்று நீங்கள் படித்த நரம்பணுக்கள் மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி உள்ளன என 2009ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு அறிவியலாளர்கள் கணக்கிட்டனர். அவற்றுள் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் மட்டுமே உள்ளன. அதாவது, நம் நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சிறிய உறுப்பில் அடங்கியுள்ளது.

வெளித்தோற்றம்

சிறுமூளைக்கு இடம், வலம் என இரண்டு அரைக்கோளங்கள் உண்டு. அவற்றிற்கு நடுவே நீண்டு வளைந்த பகுதி ஒன்று உள்ளது. அது புழுவைப் போலத் தோன்றுவதால் 'வெர்மிஸ்' எனப் பெயர் பெற்றது. இலத்தீனில் வெர்மிஸ் என்றால் புழு. நடுப்பகுதி உடலின் நிற்கும் நிலையையும் நடையையும் சீராக்குகிறது. பக்கப்பகுதிகள் கை, கால், விரல் ஆகியவற்றின் நுட்பமான அசைவுகளைச் சீராக்குகின்றன. அடிப்புறத்தில் உள்ள ஒரு சிறிய மடல், உட்செவியிலிருந்து வரும் செய்திகளைப் பெற்று உடலின் சமநிலைக்கும் கண்ணின் அசைவுக்கும் உதவுகிறது.

காம்புகள் போன்ற மூன்று இணை நரம்புக்கற்றைகள் சிறுமூளையை மூளைத்தண்டோடு இணைக்கின்றன. பெருமூளை வகுக்கும் திட்டங்கள் நடுக்காம்பின் வழியே வருகின்றன. தண்டுவடம், முகுளம் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளுள் பெரும்பாலானவை கீழ்க்காம்பின் வழியே வருகின்றன. சிறுமூளையின் விடைகளுள் பெரும்பாலானவை மேற்காம்பின் வழியே வெளியேறுகின்றன. இவ்வாறு, செய்ய நினைத்தது எது, உடல் உண்மையில் செய்தது எது என்னும் இரண்டு செய்திகளும் சிறுமூளைக்குக் கிடைக்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். பெருமூளையின் இடப்பகுதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. சிறுமூளையோ இடப்பகுதியால் இடப்பக்கத்தையும் வலப்பகுதியால் வலப்பக்கத்தையும் சீராக்குகிறது.

மடிப்பும் மரமும்

சிறுமூளையின் மேற்பரப்பில் மெல்லிய மடிப்புகள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஒரு புத்தகத்தின் தாள்களை ஓரத்திலிருந்து பார்ப்பது போன்ற தோற்றம் அது. இம்மடிப்புகளை இலைகள் என்னும் பொருளில் 'ஃபோலியா' என்பர். மடிப்புகளையெல்லாம் பிரித்து விரித்தால், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடைய நாடா போன்ற பரப்புக் கிடைக்கும். அவ்வளவு பெரிய பரப்பு, மடிந்து மடிந்து உள்ளங்கையில் அடங்கும் அளவிற்குச் சுருங்கியுள்ளது.

சிறுமூளையை நடுவில் வெட்டிப் பார்த்தால் வெண்ணிறக் கிளைகள் விரிந்த மரம் ஒன்று தென்படும். பழைய உடற்கூற்று அறிஞர் அதற்கு 'உயிர்மரம்' என்று பெயரிட்டனர். கிளைகளாகத் தோன்றும் வெண்பொருள் நரம்பிழைகளால் ஆனது. அதனைச் சூழ்ந்துள்ள சாம்பல் நிறப் பகுதி புறணி எனப்படும். மரத்தின் அடியில், வெண்பொருளுக்குள் புதைந்தவாறு, இருபுறமும் நான்கு நான்கு நரம்பணுத் திரள்கள் உள்ளன. அவற்றுள் பெரியது பல்வரிசை போன்ற விளிம்பை உடையது. ஆகவே அது 'டென்டேட்' என அழைக்கப்படுகிறது.

மூன்று அடுக்குகள்

பெருமூளைப் புறணியின் பெரும்பகுதியில் ஆறு அடுக்குகள் உள்ளன. சிறுமூளைப் புறணியிலோ மூன்றே அடுக்குகள் உள்ளன. எந்த இடத்தில் எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கே காணப்படும்.

உள்ளடுக்கு: இது கிரானுல் அணுக்களால் நிறைந்தது. கிரானுல் என்றால் சிறுமணி. உடைந்த அரிசிக் குருணை போல இவை மிகச் சிறியன, எண்ணற்றன. சிறுமூளையின் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை இவையே.

நடு அடுக்கு: இதில் பர்கிஞ்சி அணுக்கள் ஒற்றை வரிசையாக நிற்கின்றன. செக் நாட்டு அறிஞர் யான் பர்கிஞ்சி 1837இல் இவற்றை விளக்கினார். குடுவை போன்ற உடலும், மேல்நோக்கி விரியும் அடர்ந்த கிளைகளும் இவற்றின் அடையாளம். இக்கிளைகள் எல்லாப் பக்கமும் பரவாமல், தாளுக்குள் வைத்து அழுத்திய செடி போலத் தட்டையாக விரிகின்றன.

வெளியடுக்கு: இதில் பர்கிஞ்சி அணுக்களின் கிளைகளும், அவற்றினூடே செல்லும் மெல்லிய இழைகளும் நிறைந்துள்ளன. கூடையணு, விண்மீனணு எனும் இரண்டு வகை அணுக்களும் இங்கே உள்ளன. அவை பர்கிஞ்சி அணுக்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

செய்தி செல்லும் வழி

சிறுமூளைப் புறணிக்குச் செய்திகள் முதன்மையாக இரண்டு வழிகளில் வருகின்றன.

முதலாவது, பாசியிழைகள். தண்டுவடம், மூளைத்தண்டு ஆகியவற்றிலிருந்து வரும் இவை கிரானுல் அணுக்களைத் தூண்டுகின்றன. ஒவ்வொரு கிரானுல் அணுவும் ஒரு மெல்லிய இழையை மேல்நோக்கி அனுப்புகிறது. அவ்விழை வெளியடுக்கை அடைந்ததும் இரண்டாகப் பிரிந்து, மடிப்பின் நீளவாக்கில் ஓடுகிறது. இவை ஒன்றுக்கொன்று இணையாகச் செல்வதால் இணையிழைகள் எனப்படுகின்றன. பர்கிஞ்சி அணுக்களின் தட்டையான கிளைகள் இவற்றிற்குக் குறுக்கே நிற்கின்றன. மின்கம்பங்களைத் தொட்டுச் செல்லும் கம்பிகளைப் போல, ஓர் இணையிழை பல பர்கிஞ்சி அணுக்களைத் தொட்டுச் செல்கிறது. ஒரு பர்கிஞ்சி அணுவோ ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இணையிழைகளிடமிருந்து செய்தி பெறுகிறது.

இரண்டாவது, ஏறிழைகள். முகுளத்தில் ஆலிவ் காய் வடிவில் உள்ள பகுதியிலிருந்து இவை புறப்படுகின்றன. வளர்ச்சி நிறைந்த ஒரு பர்கிஞ்சி அணுவிற்கு ஓர் ஏறிழை மட்டுமே வாய்க்கிறது. அது பந்தலில் ஏறும் அவரைக்கொடி போல அதன் கிளைகளைப் பற்றி ஏறி, நூற்றுக்கணக்கான இடங்களில் இணைகிறது. ஆகவே அதன் ஒரே துடிப்பு அந்த அணு முழுவதையும் உலுக்கிவிடும்.

இவ்விரண்டு வகைச் செய்திகளையும் பெறும் பர்கிஞ்சி அணுதான் புறணியிலிருந்து விடையை வெளியே அனுப்புகிறது. அவ்விடை 'செய்' என்பதன்று, 'அடங்கு' என்பதே. அடியிலுள்ள நரம்பணுத் திரள்கள் இயல்பாகவே துடித்துக்கொண்டிருக்கின்றன. பர்கிஞ்சி அணுக்கள் அவற்றை வேண்டிய அளவிற்கு அடக்கியும் தளர்த்தியும் அசைவுக்கு வடிவம் தருகின்றன. சரிவில் இறங்கும் மிதிவண்டியைப் பிரேக்கை அழுத்தியும் விடுத்தும் நாம் செலுத்துவதில்லையா? அதைப் போன்றதே இது.

ஓர் அறிவியல் வழக்கு

1873ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்கி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்புத் திசுவில் சில அணுக்களை மட்டும் கறுப்பாக்கிக் காட்டும் முறையைக் கண்டறிந்தார். நரம்பு மண்டலம் முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்பது அவர் கருத்து. ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் அதே முறையைக் கொண்டு பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்தார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனியே முடிவுறுவதை 1888இல் எடுத்துக்காட்டினார். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அம்மேடையிலும் கோல்கி தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனினும், பின்வந்த ஆய்வுகள் கஹாலின் கருத்தையே நிலைநாட்டின.

சிறுமூளை பழுதுற்றால்

1820களில் பிரான்சு நாட்டின் ஃப்ளூரான்ஸ் புறாக்களின் சிறுமூளையை நீக்கிச் சோதித்தார். அவை செயலற்றுப் போகவில்லை, அசைந்தன. ஆனால் அவற்றின் நடையும் பறத்தலும் ஒழுங்கிழந்தன. முதல் உலகப்போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களைப் பிரித்தானிய மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் ஆராய்ந்தார். சிறுமூளை காயமுற்றவர்களால் கையை நீட்ட முடிந்தது. எனினும், கை குறியைத் தாண்டிச் சென்றது அல்லது குறுகி நின்றது. பேச்சும் தடுமாறியது. வலப்பகுதி பழுதுற்ற ஒருவர், தம் இடக்கை தானாகவே இயங்குவதாகவும், வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்ய வேண்டியிருப்பதாகவும் அவரிடம் கூறினார். நாம் எண்ணாமலே செய்யும் செயல்களில் சிறுமூளைக்கு உள்ள பங்கு இதனால் விளங்கும்.

பிழையிலிருந்து கற்றல்

இப்புத்தகத்தை அசையாமல் பிடித்து, தலையை இடமும் வலமும் விரைவாக ஆட்டியவாறு இவ்வரியைப் படியுங்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியும். அடுத்து, தலையை அசைக்காமல் புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்துகள் மங்கும். முதல் முறையில், தலை திரும்புவதை உட்செவி உணர்ந்தது. கண்கள் அதே அளவிற்கு எதிர்ப்புறம் திரும்பின. அந்த அளவைச் சரியாக வைத்திருப்பது சிறுமூளையின் பணி.

புதிய மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு முதலில் தரை அசைவது போலத் தோன்றலாம். கண்ணாடி காட்சியைப் பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ பழைய அளவு பொருந்தாமற் போவதே காரணம். காட்சி விலகும் ஒவ்வொரு முறையும் அப்பிழை ஏறிழைகளின் வழியே சிறுமூளையை அடைகிறது. சில நாள்களில் அளவு திருந்திவிடுகிறது.

இத்திருத்தம் எவ்வாறு நிகழ்கிறது? ஏறிழை துடிக்கும்போது, இணையிழைகளின் இணைப்புகள் மாறக்கூடும் என 1969இல் இங்கிலாந்தின் டேவிட் மார் கருதினார். அவ்விணைப்புகள் வலுவிழக்கும் என்று 1971இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆல்பஸ் கூறினார். 1982இல் ஜப்பானின் மசாவோ இட்டோவும் அவருடன் ஆய்ந்தவர்களும் அத்தகைய வலுவிழப்பைச் சோதனையில் கண்டனர். பிழைக்குத் துணைபோன இணைப்பு தளர்கிறது. அடுத்த முயற்சி சற்றே திருந்துகிறது. சிறுமூளையின் பிற இணைப்புகளும், பெருமூளையின் பகுதிகளும் கற்றலில் பங்கேற்கின்றன என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாணவர்களே! தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் உங்களில் பலருக்கு 'மழை' என்னும் சொல்லின் பொருள் நன்கு தெரியும். ஆயினும் சொல்லும்போது அது 'மலை' என்றோ 'மளை' என்றோ ஒலிக்கலாம். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது உறவினர் சிரித்திருக்கலாம். அதனால் சிலர் தமிழில் பேசுவதையே தவிர்க்கின்றனர். பொருள் அறிந்த பின்னும் நாக்கு பழக வேண்டியிருக்கிறது. நாவை எவ்வளவு வளைக்க வேண்டும், எப்போது வளைக்க வேண்டும் என்பதைச் சொல்லிப் பார்த்தே பழக முடியும். ஒலித்த ஒலிக்கும் ஒலிக்க விரும்பிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைச் செவி கேட்கிறது. அவ்வேறுபாடே திருத்தத்திற்கு வழிகாட்டுகிறது. வாய் திறவாதவருக்குப் பிழை நேராது, திருத்தமும் கிடைக்காது. ஆகவே, தயங்காமல் பேசுங்கள். பிழைபட எழுதினாலும் மீண்டும் எழுதுங்கள்.

பயிற்சி

அ. சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக: சமநிலை, புறணி, மடிப்பு, அடுக்கு, திருத்தம்.

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.
1. சிறுமூளை எங்கே அமைந்துள்ளது?
2. வெர்மிஸ் என்னும் பெயர் ஏன் வந்தது?
3. பர்கிஞ்சி அணு அனுப்பும் விடை எத்தகையது?
4. இணையிழைக்கும் ஏறிழைக்கும் உள்ள வேறுபாடு யாது?

இ. விரிவாக விடை எழுதுக.
1. புதிய மூக்குக்கண்ணாடிக்குக் கண் பழகுவதை உம் சொற்களில் விளக்குக.
2. நீங்கள் பிழை செய்து பழகிய ஒரு திறமையைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.

ஈ. செய்து பார்ப்போம்: நீங்கள் எழுதப் பயன்படுத்தாத கையால் உங்கள் பெயரைத் தமிழில் நாள்தோறும் ஐந்து முறை எழுதுங்கள். பத்தாம் நாள் எழுதியதை முதல்நாள் எழுதியதோடு ஒப்பிட்டு, கண்ட மாற்றங்களை வகுப்பில் கூறுங்கள்.