முக்குளிப்பான் முங்கினால் எண்ணுங்கள்!

போன வருஷம் கனடாவிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா எனக்கு அந்த ஊர் ஒரு டாலர் காசு ஒன்று கொடுத்தார். தங்க நிறம். வட்டமாக இல்லாமல் பதினோரு பக்கம். ஒரு புறம் ராணி, மறு புறம் தண்ணீரில் மிதக்கும் ஒரு பறவை. "வாத்தா சித்தப்பா?" என்று கேட்டேன். "வாத்து இல்லடா, இது லூன். அங்க ஏரிப் பக்கம் தங்கினா ராத்திரியில ஓநாய் மாதிரி ஊளையிடும். முதல் நாள் எனக்குத் தூக்கமே வரல" என்றார். 1987-ல் வெளிவந்த காசு அது. இந்தப் பறவையால் அதற்கு அங்கே 'லூனி' என்றே பேர். லூனைப் பார்ப்பதற்கென்றே ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்களாம்.

நம்ம ஊரில் இது மாதிரி ஏதாவது இருக்கா என்று லைப்ரரியில் பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். லூன் குளிர் நாட்டுப் பறவை, நம்ம ஏரிகளுக்கு வருவதில்லை. ஆனால் அதே மாதிரி வாழ்கிற ஒரு குட்டிப் பறவை இங்கே உண்டு. அதுதான் முக்குளிப்பான். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நண்பர்களே, நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள், குட்டி வாத்து என்று நினைத்திருப்பீர்கள்! ஒரு சாண் அளவைவிடக் கொஞ்சம் பெரிசு, வாலே இல்லாத மாதிரி இருக்கும். ஏரி நிரம்பி முட்டையிடும் காலத்தில் கன்னமும் கழுத்தும் செங்கல் நிறமாகிவிடும். அலகின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. கூடவே கறுப்பாக, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீந்துவது நாமக்கோழி. அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதன் வித்தையே முங்குவதுதான். இறகுகளை உடம்போடு அமுக்கி, இடையில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிடும். உடம்பு கனத்து, நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி சத்தமில்லாமல் இறங்கும். கால்கள் உடம்பின் கடைசியில், படகுக்குப் பின்னால் மோட்டார் வைத்த மாதிரி இருக்கின்றன. லூனுக்கும் அப்படியே. அதனால் தண்ணீருக்குள் மீனைத் துரத்த வசதி, தரையில் நடக்கத்தான் தடுமாற்றம். பறக்கவும் சட்டென்று எழும்ப முடியாது. தண்ணீர் மேல் 'பட பட' என்று கொஞ்ச தூரம் ஓடித்தான் கிளம்பும். விரல்களுக்கு இடையே வாத்துக்கு இருப்பது போன்ற முழுத் தோல் கிடையாது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக இலை மாதிரி அகன்றிருக்கும்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் லூனும் இதுவும் சொந்தமே இல்லை! டி.என்.ஏ. ஆராய்ச்சியில் தெரிந்தது என்னவென்றால், முக்குளிப்பானுக்கு மிக நெருங்கிய சொந்தம் பூநாரை. ஒட்டகச்சிவிங்கி மாதிரி காலும் கழுத்தும் உள்ள அந்த இளஞ்சிவப்புப் பறவைதான். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

இப்போது அந்தப் பகீர் விஷயம். ஐந்தாவது படிக்கும்போது மதுராந்தகம் பக்கம் பாட்டி ஊருக்குப் போயிருந்தேன். அங்கே குளத்தில் கல் விட்டு இந்தப் பறவையை முங்க வைத்து, "யாருது ரொம்ப நேரம் முங்குது?" என்று பந்தயம் கட்டுவோம். ஒரு நாள் என் கல் ஒரு பாசிக் குவியல் பக்கத்தில் விழுந்தது. குவியல் மேலிருந்து ஒரு பறவை தொபக்கென்று குதித்து மறைந்தது. குப்பை என்று நான் நினைத்த அதில் மூன்று முட்டைகள் தெரிந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே காக்கா வந்துவிட்டது. விரட்டினோம், ஆனால் ஒன்றைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

புத்தகத்தில் படித்தபோதுதான் புரிந்தது. முக்குளிப்பானின் கூடே மிதக்கிற பாசிக் குவியல்தான். செடியோடு சேர்ந்து நிற்கும், தண்ணீர் கொஞ்சம் ஏறினாலும் கூடவே ஏறும். கூட்டை விட்டு இறங்கும் முன்பு ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். வெள்ளை முட்டை அந்தப் பாசியிலேயே கறை படிந்து பழுப்பாகிவிடும். மேலே பறக்கிற காக்காவுக்கு வெறும் குப்பைதான் தெரியும். ஆனால் திடீரென்று கல் விழுந்தால் மூட ஏது நேரம்? அதன் ஒரே பாதுகாப்பை நான் கெடுத்துவிட்டேன்.

முட்டை பொரிய சுமார் 20 நாள் ஆகும். குஞ்சுகளுக்குத் தலையில் கோடு கோடாக இருக்கும். அப்பா, அம்மா இரண்டின் முதுகிலும் மாறி மாறி ஏறி இறகுக்குள் ஒளிந்துகொள்ளும். லூன் குஞ்சும் இப்படித்தான் சவாரி போகுமாம்.

நம்ம அடையாற்றில் மறைமலையடிகள் பாலத்திலிருந்து பார்த்தால் எனக்குக் கொக்கும் நீர்க்காகமும்தான் தெரிந்தன. (மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தேன்.) சைதாப்பேட்டையில் பஸ் ஏறி வேளச்சேரி தாண்டினால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஒரு காலத்தில் இப்போதைவிடப் பல மடங்கு பரந்து கிடந்தது. கட்டடமும் பெருங்குடி குப்பைமேடும் தின்றது போக மிஞ்சியதில் 317 ஹெக்டேரை 2007-ல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் உலக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே முக்குளிப்பானும் உண்டு, அதன் சொந்தக்காரப் பூநாரையும் வரும்.

போன மாதம் அப்பாவோடு போய் ரோட்டோரமாக நின்று பார்த்தேன். அசையாமல் நின்றால் போதும், பயப்படாமல் கிட்டேயே வருகிறது. முங்கியதும் எண்ண ஆரம்பியுங்கள். ஆனால் முங்கிய இடத்தையே பார்த்தால் ஏமாந்து போவீர்கள், வேறு எங்கோதான் தலை தூக்கும். நான் எண்ணியதில் பெரும்பாலும் இருபதுக்குள் வந்துவிட்டது, ஒரு தடவை மட்டும் இருபத்தாறு. குதிரை கனைப்பதைச் சின்னதாக்கிய மாதிரி ஒரு குரலும் கேட்டது. அப்பா அதைத் தவளை என்றே சாதித்தார்!

அரையாண்டு லீவில் மறுபடி போகிறோம். வருகிறவர்கள் என்னிடம் பேர் கொடுங்கள். யார் வீட்டிலாவது பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்து வாங்க.